சுருதிக்குச் சான்றிதழ் வாங்கிய கதை

1

போன வாரம் எங்கள் கம்பெனியில் இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும் வேலை நடந்தது. ஓமான் நாட்டில் சோஹார் என்ற துறைமுக ஊரில் இருக்கிறது கம்பெனி. பெரிய பெரிய குழாய்களைப் பற்றவைத்துக் கப்பலில் ஏற்றுவார்கள். பற்றவைத்த இடத்தில் குறை இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் பிழைப்பு. திருச்சிப் பக்கம் திருவெறும்பூரில் பாய்லர் ஆலையைச் சுற்றியுள்ள பட்டறைகளில் தொழில் பழகியவன் நான். மகள் நாலாவது படிக்கும்போது இங்கே வந்தேன். ரெண்டு வருஷத்தில் திரும்பிவிடுவதாகச் சொல்லிவிட்டு வந்தவர்களில் நானும் ஒருவன்.

அலுவலகத்தில் கிரேஸ் என்ற பிலிப்பைன்ஸ் பெண் இருக்கிறாள். சிரித்த முகம், கண்டிப்பான கை. கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, மிஸ்டர் செல்வா, உங்கள் மகளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது, பட்டியலிலிருந்து பெயரை எடுக்கப்போகிறேன் என்றாள். மாற்றுத்திறனாளி என்றால் மட்டும் வைத்துக்கொள்ளலாமாம், சான்றிதழ் வேண்டுமாம். இருக்கிறது என்றேன். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, என்ன குறை என்று கேட்டாள்.

"பைபோலார். மென்டல் இல்னெஸ்" என்றேன், வழக்கமாகப் பட்டறையில் பேசுகிற குரலில். பட்டறைக் குரல் என்றால் உங்களுக்குத் தெரியும், மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். அக்கவுண்ட்ஸ் பிரிவு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கிரேஸ் தலையாட்டிவிட்டுத் தட்டச்சு செய்தாள். வேலை முடிந்தது.

வெளியே வந்து பால் விடாத சுலைமானி டீ குடிக்கும்போதுதான் எனக்கே உறைத்தது. அந்த வார்த்தையை இத்தனை சத்தமாக நான் எங்கேயும் சொன்னதில்லை. ஊரில் மகளை மனநல டாக்டரிடம் கூட்டிப்போகும்போது ஆட்டோக்காரரிடம்கூட 'தில்லைநகர், கண் டாக்டர் பக்கத்துல' என்றுதான் சொல்வேன். எப்படி இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தோம் என்று யோசித்தேன். இன்று வெள்ளிக்கிழமை, விடுமுறை. துணி துவைத்தாயிற்று, சாம்பார் அடுப்பில் இருக்கிறது. எழுதிப் பார்க்கிறேன்.

2

வெளிநாட்டில் இருக்கும் அப்பன்களுக்குப் பொதுவாக ஒரு மனக்குறை உண்டு. பிள்ளை சிறிதாக இருக்கும்போது போனைப் பிடுங்கிப் பிடுங்கிப் பேசும். பல் விழுந்தது, மிஸ் திட்டினது, பூனை குட்டி போட்டது எல்லாம் வரும். பதிமூன்று வயது ஆனதும் 'ம்' என்று ஆகிவிடும். "சாப்டியா?" "ம்." "பரீட்சை எப்படி?" "ம். அம்மாகிட்ட குடுக்கறேன்." எங்கள் அறையில் நாங்கள் நான்கு பேர், நான்கு பேருக்கும் வீட்டில் 'ம்' பிள்ளைகள்தான்.

என் மகள் சுருதி பத்தாவது பரீட்சை எழுதி முடித்த அந்தக் கோடையில் எனக்கு மட்டும் அதிர்ஷ்டம் அடித்தது. வாட்ஸாப்பில் அவளுடைய குரல் செய்திகள் வர ஆரம்பித்தன. ஒன்று, பத்து, அப்புறம் எண்ணிக்கையே இல்லை. மலைக்கோட்டையிலிருந்து ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் வரைக்கும் காவேரிக்கு மேலே ரோப் கார் விடப்போகிறாளாம். தூண்களை நான்தான் வெல்டிங் பண்ண வேண்டுமாம். ஸ்ரீரங்கம் போகிற ஒண்ணாம் நம்பர் பஸ்ஸுக்குப் பெயர் மாற்ற வேண்டுமாம், அதற்குக் கண்டக்டரிடம் பேசிவிட்டாளாம். நடுநடுவே பாட்டு, சிரிப்பு, இங்கிலீஷ்.

நான் உச்சி குளிர்ந்து போனேன். சாப்பாட்டு நேரத்தில் போனை நடுவில் வைத்து அறைத் தோழர்களுக்குப் போட்டுக் காட்டினேன். என் மகள் என்ஜினியராவாள் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஜோஸ் மட்டும் சிரிக்கவில்லை. திருச்சூர்க்காரர். எங்கள் கம்பெனி மருத்துவ அறையில் நர்ஸாக இருக்கிறார். போனை வாங்கி ஒவ்வொரு செய்தியும் வந்த நேரத்தை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்.

"செல்வா, ஈ குட்டி உறங்குன்னில்லா" என்றார். குழந்தை தூங்கவே இல்லை என்கிறார். பார்த்தேன். பகல், இரவு, விடியல் என்று இடைவெளியே இல்லாமல் செய்திகள் இருந்தன. டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள், நாளைக்கு வேண்டாம், இன்றைக்கே என்று என் தோளைப் பிடித்துச் சொன்னார்.

உடனே வீட்டுக்குப் போன் போட்டேன். என் மனைவி புவனா வழக்கம்போல "நல்லா இருக்கோங்க" என்று ஆரம்பித்தாள். சுருதி தூங்குகிறாளா என்று கேட்டேன். அந்தப் பக்கத்திலிருந்து அழுகை வந்தது. ஒரு வாரமாக அப்படித்தானாம். சோறு இறங்கவில்லை, கண் மூடவில்லை, பேச்சு நிற்கவில்லை. அன்று காலை தன் ஸ்கூல் யூனிஃபார்ம், புத்தகம், கொலுசு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்க் காவேரிக்கரையில் அம்மா மண்டபத்துப் படித்துறையில் குளிக்க வந்தவர்களுக்கு வினியோகம் பண்ணியிருக்கிறாள். யாரோ ஒரு பூக்கார அம்மா கொலுசைப் பத்திரமாக வைத்திருந்து புவனாவிடம் கொடுத்தாராம். இங்கே தனியாகக் கிடந்து நான் கவலைப்படுவேன் என்று புவனா என்னிடம் சொல்லாமல் வைத்திருந்தாள்.

மஸ்கட்டிலிருந்து திருச்சிக்கு நேர் விமானம் உண்டு. அவசர விடுப்பில் கிளம்பினேன்.

3

முதல் நான்கைந்து நாட்கள் எலுமிச்சம்பழத்தில் போயின. புவனாவின் அண்ணன் தண்டபாணி, மண்ணச்சநல்லூரில் ஒரு ரைஸ் மில்லில் மேற்பார்வை பார்ப்பவர். எங்கள் குடும்பத்தில் எந்த முடிவும் அவருடைய மீசையைத் தாண்டித்தான் போகும். அவர் மந்திரிக்கிற ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். வந்தவர் வாசல் நிலையில் எலுமிச்சம்பழம் கட்டினார். சுருதி அவரிடம் எலுமிச்சையில் என்ன அமிலம் இருக்கிறது என்று கேட்டு, பதில் தெரியாததால் பாடம் நடத்தினாள். மனிதர் தட்சணைகூட வாங்காமல் போய்விட்டார்.

அப்புறம்தான் தில்லைநகரில் மனநல டாக்டர். எங்கள் டாக்டரம்மா அதிகம் பேசாதவர். சுருதி பேசியதை எல்லாம் குறுக்கே வெட்டாமல் கேட்டார். எங்களைப் பார்த்து, இது பேயும் இல்லை, கொழுப்பும் இல்லை, சர்க்கரை வியாதி மாதிரி ஒரு வியாதி, மனசு ஒரு சமயம் உச்சிக்கு ஏறும், ஒரு சமயம் பாதாளத்துக்கு இறங்கும், மருந்து சாப்பிட்டால் நடுவில் நிற்கும் என்றார். பெயர் பைபோலார். நீங்கள் வளர்த்ததில் ஒரு தப்பும் இல்லை என்றும் சொன்னார். அதைச் சொன்னபோது புவனா அழுதாள். நான் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

லித்தியம் என்று ஒரு மாத்திரை. அதுவே ஒருவகை உப்புதானாம். உடம்பில் தண்ணீர் குறைந்தால் ரத்தத்தில் மருந்து ஏறிப்போய் விஷமாகிவிடும். ஆகவே தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும், சாப்பாட்டில் உப்பைக் குறைக்கக் கூடாது, அடிக்கடி ரத்தப் பரிசோதனை. திருச்சி வெயிலில் இது லேசான காரியமில்லை. ஊரெல்லாம் பிரஷருக்குப் பயந்து உப்பைக் குறைத்துக்கொண்டிருக்க, எங்கள் வீட்டில் மட்டும் புவனா தட்டின் முன்னால் நின்று, உப்பு பத்துதாடி என்று மிரட்டிக்கொண்டிருந்தாள். வீட்டின் ஒவ்வொரு மூலையிலும் ஒரு தண்ணீர் பாட்டில். அக்கம்பக்கத்தார் எங்களுக்கு ஏதோ வேண்டுதல் என்று நினைத்தார்கள்.

சுருதி தூங்கினாள். முதல்முறை ஒரு முழுப் பகலும் தூங்கினாள். நாங்கள் இருவரும் மாறி மாறிக் கதவைத் திறந்து மூச்சு வருகிறதா என்று பார்த்தோம், கைக்குழந்தையைப் பார்ப்பது போல.

என் விடுப்பு முடிந்தது. புவனா சின்னக்கடை வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை பார்த்துவந்தாள், அதை விட்டுவிட்டாள். நான் சோஹார் வந்து சேர்ந்தேன். இங்கே வழக்கமான வாழ்க்கைதான். காலையில் கம்பெனி பஸ், வெயிலுக்குத் தலையில் துண்டு, மாலையில் போன். ஒரே ஒரு மாற்றம், 'நல்லா இருக்கோம்' என்ற வார்த்தையை எங்கள் வீட்டில் தடை செய்துவிட்டோம். தூங்கினாளா, சாப்பிட்டாளா, மருந்து போட்டாளா, இந்த மூன்றும்தான் இனி பேச்சு என்று ஒப்பந்தம்.

4

ஏறுவதும் இறங்குவதுமாக ஒன்றரை வருஷம் ஓடியது. சுருதி பிளஸ் டூவுக்கு வந்துவிட்டாள். அதுவே எங்களுக்கு ராங்க் வாங்கின மாதிரி. ஆனால் மருந்தினால் கை நடுக்கம் வந்திருந்தது. டம்ளரைப் பிடித்தால் காபி தளும்பும், பேனா பிடித்தால் எழுத்து தள்ளாடும். மூன்று மணி நேரப் பரீட்சையில் பாதி கேள்விக்குத்தான் எழுதி முடிக்கிறாள். பதில் எல்லாம் தெரியும், கை போகவில்லை. டாக்டரம்மா மருந்தின் அளவைச் சற்றே குறைத்துப் பார்த்தார், நடுக்கம் கொஞ்சம்தான் குறைந்தது. அதற்கு மேல் குறைக்க அவருக்குத் துணிச்சல் இல்லை, எங்களுக்கும் இல்லை.

பள்ளித் தலைமையாசிரியை புவனாவைக் கூப்பிட்டு ஒரு வழி சொன்னார். மாற்றுத்திறனாளி சான்றிதழ் இருந்தால் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம் கிடைக்கும், சொல்லச் சொல்ல எழுதித் தர ஒரு ஆசிரியரையும் போடுவார்கள். மன நோயும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அரசு மருத்துவமனையில் மருத்துவக் குழு பார்த்து, குறை நாற்பது சதவீதமாவது இருக்கிறது என்று எழுத வேண்டும். மாத உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். பஸ் பாஸ்கூட உண்டு என்றாராம். பெண்களுக்கு டவுன் பஸ் ஏற்கெனவே இலவசம்தான், இருந்தாலும் நல்ல மனசு.

நான் விடுப்பில் வந்திருந்த சமயம். தண்டபாணி மச்சான் செய்தி கேட்டு மறுநாளே வந்துவிட்டார். செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் ஆரம்பித்தார்.

"மாப்ள, வைத்தியம் பாருங்க, வேணாங்கல. ஆனா கவர்மென்ட்டே முத்திரை குத்தி, இந்தப் பொண்ணு மென்டல்னு எழுதிக் குடுக்கணுமா? நாளைக்கு யாரு கட்டுவான்?"

மென்டல் என்ற வார்த்தையைப் பாருங்கள். இங்கிலீஷில் அது மனசு சம்பந்தப்பட்டது என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒருவன் இன்னொருவனைப் பார்த்துச் சொன்னால் அடிதடி. இங்கே சோஹாரில் சுவரில் ஒட்டியிருக்கும் உடல்நல அறிவிப்பில் அந்தச் சொல்லைப் பார்த்தாலே நம் ஊர்ப் பையன்கள் முழங்கையால் இடித்துக்கொண்டு சிரிப்பார்கள். நானும் சிரித்தவன்தான்.

நான் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து சுருதி வந்தாள். "மாமா சொல்றது சரிதான். எனக்கு வேண்டாம். நான் அரை மார்க் எடுத்தாலும் நானே எழுதிக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். மச்சானுக்கே சங்கடமாகிவிட்டது. தான் கொண்டுவந்த அரிசி மூட்டையைச் சமையலறையில் வைத்துவிட்டு, காபி குடிக்காமல் கிளம்பினார்.

பிறகு புவனா எப்படியோ கெஞ்சி, ஒருமுறை போய்த்தான் பார்க்கலாமே என்று அவளைச் சம்மதிக்க வைத்தாள்.

5

போகவேண்டிய நாளுக்கு முந்தின தினம் புவனா மாடிப்படியில் கால் பிசகி விழுந்தாள். கணுக்கால் பூசணி மாதிரி வீங்கிவிட்டது. ஆகவே நான் கூட்டிப்போனேன். கட்டிலில் உட்கார்ந்தபடியே புவனா மகளுக்குத் தலை பின்னி, இஸ்திரி போட்ட சுடிதார், மல்லிகைப்பூ, பொட்டு என்று அலங்கரித்து அனுப்பினாள். பழக்க தோஷம். நாலு பேர் பார்க்கிற இடத்துக்குப் பெண்ணைச் சீராக அனுப்ப வேண்டும் என்று அவளுக்கு.

சத்திரத்தில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்துப் புத்தூர் அரசு மருத்துவமனைக்குப் போனோம். வரிசை நீளம்தான், ஆனால் நகர்ந்தது. மனநலப் பிரிவு டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சுருதியிடம் கேட்க ஆரம்பித்தார். எப்படிம்மா இருக்கே என்றார். நல்லா இருக்கேன் டாக்டர் என்றாள். தினமும் தானாகக் குளிப்பாயா, குளிப்பேன். கடைக்குப் போவாயா, போவேன். நண்பர்கள் உண்டா, உண்டு. இன்றைக்கு என்ன தேதி, நம் முதலமைச்சர் யார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழி. கடகடவென்று கழித்தாள். அவர் நடுவில் ஒரு இங்கிலீஷ் வார்த்தையைச் சொல்ல, இவள் பணிவாக உச்சரிப்பைத் திருத்தினாள். அவர் சிரித்தேவிட்டார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். மனசு சோர்ந்து போனால் எத்தனை நாள் நீடிக்கும், அந்த நாட்களில் யார் குளிப்பாட்டுவது, பள்ளிக்கு எத்தனை நாள் போகவில்லை, கோபம் வந்தால் என்ன செய்வாள் என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். புவனா போனில் சொன்னதெல்லாம் வந்தது. எங்கே, எப்போது, எப்படி என்று அவர் அடுத்த கேள்வி கேட்டால் என்னிடம் பதில் இல்லை. என் மகளைப் பற்றி யாரோ சொல்லக் கேட்டவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

"நீங்க எங்க வேலை பாக்கறீங்க?" என்றார்.

"ஓமான், சார்."

அவர் குற்றமாகச் சொல்லவில்லை. "இன்னிக்குப் பாத்ததை வச்சு எழுதினா நாற்பது வராதுங்க. அம்மாவைக் கூட்டிட்டு வாங்க. பழைய மருந்துச் சீட்டு எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க" என்றார்.

வெளியே வந்ததும் சுருதி, "பாஸ் பண்ணிட்டேனாப்பா?" என்றாள்.

"பண்ணிட்டம்மா. அதான் பிரச்சினை."

அவள் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உலகத்திலேயே மகள் எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொன்னதற்காக வருத்தப்பட்டுக்கொண்டு பஸ் ஏறிய அப்பன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சத்திரத்தில் இறங்கி ஆளுக்கொரு ரோஸ்மில்க் குடித்தோம். அவளுக்கு ஒரே சந்தோஷம்.

6

அந்தச் சந்தோஷம் பத்து நாள்கூட நிற்கவில்லை. இறக்கம் வந்தது. போனில் எத்தனையோ முறை கேட்ட இறக்கத்தை முதல்முறையாகப் பக்கத்திலிருந்து பார்த்தேன். விடுப்பை நீட்டிக்கச் சொல்லிக் கம்பெனிக்கு எழுதினேன். சம்பளம் இல்லாத விடுப்பு, சரி என்றார்கள்.

கண்ணீர், கூச்சல் என்று எதுவும் இல்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள், அவ்வளவுதான். சோற்றை ஊட்டினால் வாயிலேயே வைத்திருப்பாள். பாத்ரூம் வாசல் வரைக்கும் கையைப் பிடித்துக் கூட்டிப்போனால், பக்கெட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். மக்கை எடுத்துத் தண்ணீர் ஊற்றவேண்டும் என்ற அந்த ஒரு காரியம் அவளுக்கு மலை ஏறுவது மாதிரி இருந்தது. புவனா நொண்டிக்கொண்டே போய்க் குளிப்பாட்டுவாள். பள்ளியிலிருந்து தோழி ஒருத்தி வந்தாள், சுருதி போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். அந்தப் பெண் நோட்டுகளை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

புவனாவுக்குக் காலோடு இதையும் பார்க்க முடியாததால் தலை வாரும் வேலை எனக்கு வந்தது. சிக்கு என்றால் அப்படி ஒரு சிக்கு. தேங்காய் எண்ணெயைத் தடவி, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும் என்று புவனா தூரத்திலிருந்து உத்தரவு போட்டாள். தினமும் ஒரு மணி நேரம் ஆகும். என் பின்னலைப் பார்த்தால் கிணற்றுக் கயிறு மாதிரி இருக்கும். நான் பேசிக்கொண்டே வாருவேன். சோஹார் மீன் சந்தை, ஜோஸின் குறட்டை, கிரேஸின் கண்டிப்பு. அவள் காது கொடுத்தாளா தெரியாது.

மூன்றாவது வாரம் ஒரு மத்தியானம் அவளாகப் பேசினாள். முகத்தைத் திருப்பவில்லை.

"அந்த டாக்டர்கிட்ட இதையெல்லாம் சொல்லியிருக்கணும் இல்லப்பா?"

"சொல்லியிருக்கலாம்."

"அம்மா ரெண்டு வருஷமா உன்னால முடியும், உன்னால முடியும்னு சொல்றா. இப்ப அவளே வந்து என் பொண்ணால ஒண்ணும் முடியாதுன்னு சொல்லணும். நீங்க எல்லாரும் சேர்ந்து கையெழுத்து போட்டுட்டா, நான் அதுவாவே ஆயிடுவேனோன்னு பயமா இருக்குப்பா."

அவள் பயம் நியாயமான பயம். சீப்பைக் கீழே வைத்தேன். "எனக்கும் பயமாத்தாம்மா இருக்கு" என்றேன். அவள் கையைப் பின்னால் நீட்டி என் முழங்காலைத் தட்டிக் கொடுத்தாள். நான் ஆறுதல் சொல்ல வந்த இடத்தில் எனக்கு ஆறுதல் கிடைத்தது.

7

மெல்ல எழுந்தாள். இரண்டாவது முறை மூன்று பேரும் போனோம். சாதாரண நைந்த சுடிதார், பூ இல்லை. புவனா மருந்துச் சீட்டுகளை மஞ்சள் பையில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள்.

அதே டாக்டர். புவனாவைக் கேட்டார். புவனா ஆரம்பித்தாள், ஆனால் அவளுக்கு வார்த்தை வரவில்லை. மகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். "கொஞ்சம் சோர்வா இருப்பாளுங்க சார். சாப்பிட லேட்டாகும். மத்தபடி நல்ல புள்ளைங்க" என்றாள். ஜவுளிக்கடையில் வாடிக்கையாளரிடம் பேசுகிற பணிவு. டாக்டர் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தார். இப்போது எனக்குத் தெரியும், நான் சொல்லலாம். மகளைப் பார்த்தேன், எனக்கும் வரவில்லை.

சுருதி நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"டாக்டர், நானே சொல்றேன். அம்மாவால என் முன்னாடி சொல்ல முடியாது. போன மாசம் மூணு வாரம் நானா குளிக்கல, அம்மாதான் குளிப்பாட்டினாங்க. பல் தேய்க்கச் சொன்னா பிரஷ்ஷைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். ஃப்ரெண்டு வந்தா மூஞ்சிய மூடிக்குவேன். அது போயி மேல ஏறிடுச்சுன்னா, கையில இருக்கறதை எல்லாம் யாருக்காவது குடுத்துடுவேன், தூக்கம் வராது, நான் பண்றது எல்லாம் கரெக்டுன்னு தோணும். போன தடவை உங்ககிட்ட சொன்னதும் பொய் இல்ல. அன்னிக்கு அப்படி இருந்தேன். வருஷத்துல அந்த மாதிரி நாளும் இருக்கு, இந்த மாதிரி நாளும் இருக்கு. எது எப்ப வரும்னு எனக்குத் தெரியாது. மார்ச் மாசம் பரீட்சை."

சொல்லிவிட்டுக் கையை நீட்டிக் காட்டினாள். விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.

டாக்டர் கண்ணாடியைக் கீழே இறக்கி, சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தார். பிறகு எழுத ஆரம்பித்தார். எழுதும்போதே, "இவ்வளவு தெளிவா யாரும் எனக்குச் சொன்னதில்லம்மா. இந்தத் தெளிவு உன் வியாதியில சேராது, அது உன்னுது" என்றார். அதன் பிறகு குழுவில் இருந்த மற்றவர்களும் பார்த்தார்கள். நாற்பதைத் தாண்டிவிட்டது. சில வருஷத்துக்குப் பிறகு மறுபடியும் வந்து காட்ட வேண்டும் என்றார்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் புவனா மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். "உன் எதிர்ல எப்படிடி நான் சொல்றது" என்றாள். "அதான் நான் சொன்னேன்ல, விடும்மா, எல்லாரும் பாக்கறாங்க" என்றாள் சுருதி. யாரும் பார்க்கவில்லை. அங்கே எல்லோருக்கும் அவரவர் கவலை.

8

மார்ச் மாதம் நான் சோஹாரில் இருந்தேன். மிச்சம் புவனா சொல்லித் தெரிந்தது. சுருதிக்குத் தனி அறை, எழுதித் தர வேறு பள்ளியிலிருந்து ஒரு டீச்சர், ஒரு மணி நேரம் கூடுதல். முதல் நாள் பார்வையிட வந்த அதிகாரி ஒருவர் சக்கர நாற்காலியைத் தேடுகிறவர் மாதிரி அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பாத்தா ஒண்ணும் தெரியலையேம்மா என்றாராம். "வெளிய தெரிஞ்சா நான் எதுக்கு சார் இந்தச் சான்றிதழ் அட்டையத் தூக்கிட்டு அலையறேன்" என்று சொல்லியிருக்கிறாள். எழுத வந்த டீச்சருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லையாம். அதிகாரியும் சிரித்துவிட்டு வாழ்த்துச் சொல்லிப் போயிருக்கிறார்.

நடுவில் ஒரு பரீட்சைக்கு முந்தின நாள் அவளுக்கு மனசு மூட்டம் கட்டியது. டாக்டரம்மாவிடம் போனார்கள், அவர் அரை மணி பேசினார், மறுநாள் எழுதினாள். பெரிய மார்க் இல்லை. பாஸ், அதற்குச் சற்று மேலே. இப்போது திருச்சியிலேயே ஒரு கல்லூரியில் பி.காம். படிக்கிறாள். உதவித்தொகை விண்ணப்பம் இன்னும் ஏதோ ஒரு மேஜையில் இருக்கிறது. புவனா மாதம் ஒருமுறை கலெக்டர் ஆபீசுக்குப் போய் அதை எழுப்பிவிட்டு வருகிறாள். அங்கே இருக்கிற எல்லோருக்கும் இப்போது அவளைத் தெரியும், உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுக்கிறார்கள்.

தண்டபாணி மச்சான் விஷயத்தையும் சொல்ல வேண்டும். ரிசல்ட் வந்த வாரம் புவனாவுக்குப் போன் செய்து ஊர்ப்பட்ட சங்கதி பேசிவிட்டு, வைக்கப்போகிற நேரத்தில், அந்த டாக்டரம்மா எந்தக் கிழமையில பாக்கறாங்க என்று கேட்டாராம். யாருக்குண்ணே என்று இவள் கேட்டிருக்கிறாள். அவருடைய இரண்டாவது மகன் இரண்டு மாதமாக அறையை விட்டு வெளியே வரவில்லையாம். வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. கூடத் துணைக்குச் சுருதி போனாள். காத்திருக்கும் இடத்தில் மாமாவுக்கு மாத்திரை பற்றி எல்லாம் பாடம் நடத்தியிருக்கிறாள், அவர் மீசையைத் தடவிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாராம்.

9

போன மாதம் பதினைந்து நாள் விடுப்பில் போயிருந்தேன். சுருதிக்குப் பதினெட்டு முடிந்த வாரம் அது. மாதாந்திரப் பரிசோதனைக்கு மூன்று பேரும் தில்லைநகர் போனோம். பெயரைக் கூப்பிட்டதும் வழக்கம்போல மூன்று பேரும் எழுந்தோம். டாக்டரம்மா கதவருகே வந்து, இனிமேல் சுருதி தனியாக வரட்டும், தேவைப்பட்டால் உங்களைக் கூப்பிடுகிறேன் என்றார். நாங்கள் மறுபடியும் உட்கார்ந்தோம். கதவு சாத்திக்கொண்டது.

புவனாவுக்கு இருப்பே கொள்ளவில்லை. போன வாரம் ஒருநாள் காலையில் எழ லேட்டாச்சே, அதைச் சொல்வாளா, கை நடுக்கத்தைச் சொல்வாளா, எல்லாவற்றையும் மறந்துவிடுவாளே என்று என் காதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். எனக்கும் காது கதவில்தான். இத்தனை நாளாக வெளிநாட்டில் உட்கார்ந்து எட்டாத தூரத்திலிருந்து கேட்டவனுக்கு, இப்போது பத்தடி தூரத்தில் உட்கார்ந்தும் ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு ஒன்று கேட்டது. உள்ளே டாக்டரம்மா சிரித்தார். அதிகம் பேசாத, அதைவிடக் குறைவாகச் சிரிக்கிற அம்மா, வாய்விட்டுச் சிரித்தார். கூடவே சுருதியும்.

அவள் வெளியே வந்தாள். கையில் அடுத்த மாதத்துக்கான சீட்டு. "என்னடி சொன்னே, அப்படிச் சிரிச்சாங்க?" என்று புவனா கேட்டாள்.

"அது எங்களுக்குள்ள. வாங்க, பசிக்குது" என்றாள்.

முன்னால் படியிறங்கினாள். புவனா என்னைப் பார்த்தாள். நீங்களாவது கேளுங்களேன் என்கிற பார்வை. நான் கேட்கவில்லை. அவளுக்குப் பின்னாலேயே நாங்கள் இரண்டு பேரும் இறங்கினோம்.